கடைசி டியூ கட்டியாச்சு, அப்புறம்?

சேலத்தில் லீஸ் என்று சொன்னால் முதலில் வீடுதான் நினைவுக்கு வரும். அழகாபுரத்திலோ குகைப் பகுதியிலோ ஒரு வீட்டைப் பார்த்து, சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியேறுவோம். மாத வாடகை கிடையாது. மூன்று வருஷம் கழித்துக் காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே கைக்கு வரும். பெரியவர்கள் போக்கியம் என்பார்கள். இன்னொரு பக்கம் சங்ககிரி லாரிக்காரர்கள். ஃபைனான்ஸில் வண்டி எடுத்து மாதாமாதம் டியூ கட்டுவார்கள். கடைசி டியூ முடிந்ததும் என்ஓசியும் 35-ஆம் நம்பர் படிவமும் வாங்கிக்கொண்டு ஆர்டிஓ ஆபீசுக்குப் போய், ஆர்சியில் ஏறியிருக்கும் ஹெச்பி பதிவை, அதாவது கடன் கொடுத்தவர் பெயரை, நீக்கிவிட்டால் வண்டி சொந்தம்.

ஜெராக்ஸ் மெஷினையோ கம்ப்யூட்டரையோ லீசுக்கு எடுக்கும்போதும் நம் ஊர்க்காரர்கள் மனதில் இந்த இரண்டு கணக்கில் ஒன்றுதான் ஓடுகிறது. கட்டியது திரும்பி வரும், இல்லாவிட்டால் கட்டி முடித்ததும் பொருள் நம்முடையது. ஆபீஸ் மெஷின் லீஸில் இரண்டுமே நடக்காது. கட்டிய வாடகை போனதுதான், மெஷினும் கம்பெனியுடையதுதான். கடைசி டியூ கட்டிவிட்டதாலேயே லீஸ் முடிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

ஆத்தூர் ரோட்டில் சேகோ (ஜவ்வரிசி) மில் நடத்தும் ஒருவருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் ஏப்ரல் கடைசியில் பேங்க் ஸ்டேட்மெண்டைக் கையில் பிடித்தபடி வந்தார். "சார், மெஷின் டியூ மார்ச்சோட முடிஞ்சுதுங்க. ஏப்ரல்லயும் பணம் போயிருக்குது. மறந்து எடுத்துட்டாங்களாட்டம் இருக்குதுங்க." மறந்து எடுக்கவில்லை. ஒப்பந்தத்தின் நாலாவது பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுத்தான் படிக்க முடியும் என்கிற எழுத்தில் ஒரு வரி இருந்தது. காலம் முடிவதற்கு 180 நாளுக்கு முன்னதாகவும் இல்லாமல், 90 நாளுக்குள்ளாகவும் இல்லாமல், எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அதே வாடகையில் இன்னும் 12 மாதம் லீஸ் தானாக நீளும்.

அவருடைய வாடகை மாதம் 6,500. பன்னிரண்டு மாதத்துக்கு 78,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 14,040. வரியை இன்புட்டில், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில், கழித்துக்கொள்ளலாம் என்றாலும், புது மெஷின் விலையில் கிட்டத்தட்டப் பாதி, மூன்று வருஷம் ஓடித் தேய்ந்த மெஷினுக்குப் போகிறது. மார்ச் 31-இல் முடியும் லீசுக்கு 90 நாள் கணக்கு டிசம்பர் 31-இல் தீர்ந்துவிடுகிறது. அதாவது அவர் கடிதம் எழுதியிருக்க வேண்டியது அக்டோபர் முதல் டிசம்பருக்குள். ஆயுத பூஜைக்கு அதே மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் பொரி கடலை தட்டும் வைத்திருந்தார்கள். ஃபைலை மட்டும் யாரும் திறக்கவில்லை.

அந்த 180 நாள் என்ற மேல்வரம்பு எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிற விஷயம். லீஸ் எடுத்த அன்றே "முடிந்ததும் நீட்டிக்க வேண்டாம்" என்று கடிதம் கொடுத்துவிட்டால் என்ன என்று புத்திசாலிகள் யோசிப்பார்கள் அல்லவா, அதை அடைக்கத்தான் அந்த வரம்பு. அமெரிக்காவில் இதே மாதிரி ஷரத்துகளால் நிறையப் பேர் அடிபட்டு, நியூயார்க் மாநிலம் தனிச் சட்டமே வைத்திருக்கிறது. நீட்டிப்பு ஷரத்து இருக்கிறது என்பதை லீஸ் கொடுத்தவர், கெடு வருவதற்கு 15 முதல் 30 நாள் முன்பு எழுதி நினைவூட்ட வேண்டும். நினைவூட்டாவிட்டால் அந்த ஷரத்து செல்லாது. நம் ஊரில் அப்படி யாரும் நினைவூட்ட மாட்டார்கள். காலண்டரில் நாம்தான் வட்டம் போட வேண்டும்.

கம்பெனிகள் இப்படி ஏன் எழுதுகின்றன என்று புரிந்துகொண்டால் பேரம் பேசச் சுலபம். மெஷினை விற்காமல் வாடகைக்கு விடுவது புதுப் பழக்கம் இல்லை. ஐபிஎம் கம்பெனி தன் கணக்கு மெஷின்களை ரொம்ப காலம் வாடகைக்கு மட்டும்தான் கொடுத்தது. விலைக்கும் விற்றாக வேண்டும் என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டு 1956-இல் ஒப்புக்கொள்ள வைத்தது. 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914 கிட்டத்தட்ட 295 கிலோ எடை. விலை சொன்னால் வாங்குபவர் ஓடிவிடுவார் என்பதால் மாதம் 95 டாலர் வாடகை, முதல் 2,000 பிரதி அதற்குள்ளேயே, மேலே போனால் பிரதிக்கு இத்தனை சென்ட் என்று வைத்தார்கள். இன்றைக்கு நம் ஆபீஸ் மூலையில் நிற்கும் மெஷினின் பில்லும் அதே அச்சுதான், டாலர்தான் ரூபாயாகியிருக்கிறது. இந்தியாவில் லீஸிங் தொழில் தொடங்கியதும் நம் பக்கத்தில்தான். 1973-இல் சென்னையில் ஆரம்பித்த ஃபர்ஸ்ட் லீஸிங் கம்பெனி ஆஃப் இந்தியாதான் இந்தத் துறையில் நாட்டின் முதல் கம்பெனி.

சேகோ மில் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மெஷின் விலை 1,80,000 என்று வையுங்கள். 36 மாத வாடகை 2,34,000. போட்ட முதலும் வட்டியும் 36-ஆவது மாதத்தில் கம்பெனிக்கு வந்துவிட்டது. மிச்சம் இருப்பது பழைய மெஷின். அதைத் திரும்ப எடுத்துப் போனால் வண்டி வாடகை, குடோன், ரிப்பேர், வாங்க ஆள் தேடுவது என்று செலவு. எடுக்காமல் அங்கேயே விட்டு வாடகை வாங்கினால் வருவதெல்லாம் லாபம். 37-ஆவது மாதத்து 6,500 அவர்களுக்கு முதல் மாதத்து 6,500-ஐ விட இனிப்பு. கடைசியில் மெஷினை வந்து எடுப்பதில் அவர்கள் காட்டும் மெத்தனம் சோம்பேறித்தனம் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

சரி, விற்கும்போது டீலர் "முடிஞ்சதும் நீங்களே வெச்சுக்கங்க" என்று சொன்னாரே? வாயால் சொல்லியிருப்பார், தாளில் இருக்காது. அதற்கும் காரணம் உண்டு. லீஸில் மெஷினின் உரிமையாளர் கம்பெனி என்பதால், தேய்மானத்தை வருமான வரிக் கணக்கில் கம்பெனிதான் கழித்துக்கொள்ளும். அந்த உரிமையை ஐசிடிஎஸ் என்ற ஃபைனான்ஸ் கம்பெனியின் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஜிஎஸ்டியிலும் அப்படித்தான். பொருளைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் கொடுத்தால் அது சேவை, வாடகை வர வர வரி. முழுப் பணமும் கட்டியதும் பொருள் உன்னுடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் அது சரக்கு விற்பனை. ஆக, "உங்களுக்கே" என்ற வாக்கியத்தை எழுதிய நிமிஷம் அது லீஸாக இருக்காது, லாரி ஹெச்பி மாதிரி ஆகிவிடும். டீலர் வேறு, பணம் போட்ட ஃபைனான்ஸ் கம்பெனி வேறு என்பதையும் மறக்கக் கூடாது. ஐந்து ரோடு ஷோரூமில் டீக்குடித்தபடி டீலர் கொடுத்த வாக்கு, சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. நோட்டீஸையும் டீலருக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் எந்த விலாசம் இருக்கிறதோ அதற்கு, ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு போக வேண்டும். மின்னஞ்சல் கூடுதலாக இருக்கட்டும்.

நோட்டீஸ் போய்விட்டது, தேதியும் வந்துவிட்டது. அவர்கள் எடுக்க வரவில்லை. மெஷின் மேல் பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி மூலையில் தள்ளிவிட்டு, "வரும்போது வரட்டும்" என்று இருக்கலாமா? கூடாது. அசையும் பொருளை இப்படி வாங்கி வைத்திருப்பதை 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம் ஒப்படைப்பு என்கிற வகையில் பார்க்கிறது. அதன் 160-ஆம் பிரிவுப்படி காலம் முடிந்ததும், எதிராளி கேட்காமலே, அவர் சொல்கிறபடி பொருளைத் திருப்பித் தர வேண்டியது வைத்திருப்பவர் கடமை. நம் தப்பால் உரிய நேரத்தில் திரும்பாவிட்டால் அன்றிலிருந்து பொருளுக்கு வரும் சேதமெல்லாம் நம் தலையில் என்கிறது 161-ஆம் பிரிவு. அதனால் பந்தை அவர்கள் பக்கம் தள்ளிவிட வேண்டும். "மெஷின் தயாராக இருக்கிறது, எங்கே எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று எழுதுங்கள்" என்று ஒரு கடிதம். பதில் வராவிட்டால் பத்து நாளில் இன்னொன்று. தாமதம் யாருடையது என்பதற்கு இந்தத் தாள்கள்தான் சாட்சி. மெஷின் வெளியே போகும் வரைக்கும் இன்சூரன்ஸை நிறுத்தாதீர்கள்.

ஒருவழியாக அவர்கள் வந்த நாளைச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்குத்தான் பாதிப் பணம் போகிறது. சேகோ மில் வாசலில் ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) வந்து நின்றது. இரண்டு பையன்கள், ஒரு கயிறு, ஒரு தார்பாய். தாள் எதுவும் இல்லை. "சலான் எல்லாம் ஆபீஸ்ல இருந்து அனுப்புவாங்கண்ணா, நீங்க மெஷினைக் குடுங்க" என்றார்கள். மில்காரர் பாவம் பார்த்துத் தூக்கிவிடச் சொல்லிவிட்டார். நான் போனதும் இறக்கச் சொன்னேன். அந்தப் பையன்கள் முகம் போன போக்கை மறக்க முடியாது, வெயில் வேறு. ஆனால் ஒப்புகை இல்லாமல் போன மெஷின் திரும்பவில்லை என்று எழுதப்பட்டால் நாம் என்ன செய்ய முடியும்?

முதலில் மெஷினை ஓடவிட்டு கவுன்ட்டர் ரிப்போர்ட்டை அச்செடுத்தோம். மொத்தம் எத்தனை பிரதி, கறுப்பு எத்தனை, கலர் எத்தனை என்று ஒரே தாளில் வரும். கடைசி பில்லில் சண்டை வருவது இந்த எண்ணில்தான். பல மெஷின்களில் ஏ3 தாள் ஒன்று போனால் இரண்டு கிளிக் ஏறும். இதை ஒப்பந்தம் சொல்லியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ. ட்ரே, ஸ்டாண்ட், பவர் கார்டு, திறக்காமல் மிச்சமிருந்த ஒரு டோனர் எல்லாவற்றையும் சலானில் எழுதச் சொன்னோம். ஸ்டாண்ட் வரவில்லை என்று மூவாயிரம் ரூபாய்க்கு டெபிட் நோட் அனுப்பிய கதை எனக்கு வேறு இடத்தில் தெரியும். மெஷின் கண்ணாடியிலும் ரோலரிலும் வெள்ளையாகக் கிழங்கு மாவு படிந்திருந்தது. மில் ஆபீஸில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். "இதுக்கு சர்வீஸ் சார்ஜ் போடுவாங்க" என்றான் ஒரு பையன். சாதாரணத் தேய்மானம் எது, சேதம் எது என்று ஒப்பந்தம் விளக்காவிட்டால், எந்த இடத்தில் மெஷின் வேலை செய்யப்போகிறது என்று தெரிந்தே கொடுத்தீர்களே என்று வாதாட இடம் உண்டு. அபராதம் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தொகை போட்டிருந்தாலும், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி அதற்கு மேல் போகாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அப்படியே தானாகக் கிடைத்துவிடாது.

வண்டி பெங்களூர் குடோனுக்குப் போவதாக இருந்தால் மதிப்பு 50,000-ஐத் தாண்டினாலே ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் வரம்பு ஒரு லட்சம். தொப்பூர் பக்கம் வண்டியை நிறுத்தினால் முதல் போன் நமக்குத்தான் வரும், அதனால் கேட்டுவிடுவது நல்லது.

இதையெல்லாம் விட முக்கியமாக நான் நினைப்பது மெஷினின் வயிற்றுக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க். இப்போதைய பெரிய மெஷின்கள் ஸ்கேன் செய்ததையும் பிரதி எடுத்ததையும் உள்ளே சேமிக்கக் கூடியவை. 2010-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, லீஸ் முடிந்து நியூஜெர்சி குடோனில் கிடந்த பழைய காப்பியர்களை வாங்கித் திறந்து பார்த்தது. ஒன்றில் போலீஸ் ஆவணங்கள், இன்னொன்றில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளிகள் விவரம். அந்த நிறுவனம் 2013-இல் 12,15,780 டாலர் கட்டித்தான் வழக்கை முடித்தது. மெஷினைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் டிஸ்கை அழிக்கவில்லை என்பதுதான் குற்றம்.

நம் ஊர் ஆபீஸில் என்ன இருக்கப் போகிறது என்று கேட்காதீர்கள். சேகோ மில் மெஷினில் கூலியாட்களின் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் நகல், மில்காரரின் சொத்துப் பத்திரம் எல்லாம் மூன்று வருஷமாக ஏறியிருந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்து, 2025 நவம்பரில் விதிகளும் வெளியாகிவிட்டன. இனி இதை அசட்டையாக விட முடியாது. மெஷினின் அட்மின் மெனுவிலேயே டிஸ்கை மேலெழுதி அழிக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு புதியது போட்டுத் தர எவ்வளவு என்று கம்பெனியைக் கேட்கலாம். அத்தோடு அட்ரஸ் புக், ஸ்கேன் டு மெயிலுக்காகப் போட்டு வைத்த மின்னஞ்சல் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு. இந்த மூன்றையும் அழிக்க ஐந்து நிமிஷம் ஆகாது, ஆனால் யாரும் செய்வதில்லை. கம்ப்யூட்டர் லீஸ் என்றால் சும்மா டெலீட் செய்வதும் மேலோட்டமாக ஃபார்மட் செய்வதும் போதாது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்ததால், பழைய லீஸ் கம்ப்யூட்டர்கள் பல ஆபீஸ்களில் கும்பலாக வெளியேறுகின்றன. அவசரத்தில் டிஸ்கை யார் பார்க்கிறார்கள்?

விலைக்கு வாங்கிக்கொள்வதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சேலம் டவுனுக்குள் இருக்கும் ஆபீசுக்கு நான் பெரும்பாலும் சரி என்பேன், மெஷினின் முதல் விலையில் 10 சதவீதத்துக்குக் கொடுத்தால். 18,000, வரியோடு 21,240. ஆனால் அதோடு சர்வீஸ் ஒப்பந்தமும் லீஸோடு முடிந்திருக்கும். டிரம், ஃபியூசர், ரோலர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பல்லைக் காட்டும் வயது அது. கவுன்ட்டரைப் பார்த்து, டிரம் எப்போது மாற்றியது என்று கேட்டு, ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) விலையையும் கையில் வாங்கிக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். ஏற்காட்டில் என்றால் வேண்டவே வேண்டாம் என்பேன். அங்கே ஒரு எஸ்டேட் ஆபீஸ் கணக்கும் என்னிடம் உண்டு. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், ஐப்பசி கார்த்திகையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து உட்காரும். தாள் ஈரம் குடித்துச் சுருண்டு மெஷினுக்குள் சிக்கும், உள்ளே இரும்பு பாகங்களில் துரு ஏறும். சில மெஷின்களில் ஈரத்தை உலர்த்தச் சின்ன ஹீட்டர் உண்டு, கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்தால் அதுவும் வேலை செய்யாது. அந்த எஸ்டேட் ரைட்டர் தினமும் பொறுப்பாக அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்! இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மெக்கானிக் வருவதற்குள் அங்கே வேலை இரண்டு நாள் நின்றிருக்கும். லீஸில் இருக்கும் வரை அது கம்பெனி தலைவலி. அதை 21,000 கொடுத்து நம் தலைவலியாக வாங்குவானேன்?

மூன்றாவது வழியாகப் புது மெஷின் தருகிறேன் என்பார்கள். "பழைய பாக்கியை நாங்க பாத்துக்கிறோம்" என்றால் அந்தப் பாக்கி புது வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய லீசுக்கு முடிவுக் கடிதம், புதியதற்குத் தனி ஒப்பந்தம் என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள், எண் வெளியே வந்துவிடும். முன்கூட்டியே முடித்துக்கொள்ளக் கட்டணம் கேட்டால் அதன்மேல் ஜிஎஸ்டியும் வரும் என்று 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை சொல்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மெஷினை நீங்களே காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சில கம்பெனிகள் சொல்வதுண்டு. அப்படிச் சொன்னால் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிக்கொண்டு, மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும்.

மெஷின் போனபின் நம் வீட்டிலிருந்து போன மற்றவை திரும்ப வேண்டும். செக்யூரிட்டி டெபாசிட், பேங்கில் கொடுத்த ஆட்டோ டெபிட் மேண்டேட் (தானாகப் பணம் எடுக்கும் அனுமதி), தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகள். டெபாசிட்டில் பிடித்தம் செய்தால் எதற்கு எவ்வளவு என்று பில்லோடு கேட்க வேண்டும். மேண்டேட்டைக் கோபத்தில் நிறுத்தாதீர்கள், கணக்கைக் காலியாகவும் விடாதீர்கள். நீட்டிப்பு ஷரத்து உயிரோடு இருக்கும்போது கணக்கில் பணம் இல்லாமல் டெபிட் திரும்பினால் காசோலை திரும்பிய வழக்கைப் போலவே இதற்கும் 2007-ஆம் வருஷ பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தில் வழக்கு உண்டு. முடிவுக் கடிதம் கைக்கு வந்த மறுநாள் பேங்கில் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். காசோலை தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்று ஆறுதல் அடைபவர்கள், தேதியே போடாத காசோலையில் அந்த மூன்று மாதம் இன்னும் தொடங்கவே இல்லை என்பதை யோசிப்பதில்லை.

சேகோ மில்காரருக்கு நாலு மாத வாடகை கட்டியதோடு நீட்டிப்பை முடித்துக்கொள்ளப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தோம். மெஷினைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த மெஷினும் அவர்களிடமே எடுப்பதாகச் சொன்னதால்தான் அவ்வளவாவது இறங்கி வந்தார்கள். புது ஒப்பந்தத்தில் அந்த 180 நாள் வரியை நான் பேனாவால் அடித்து, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். டெபாசிட் வந்துவிட்டது. மூன்று காசோலையில் இரண்டு கூரியரில் வந்தன. மூன்றாவது ஃபைலில் இல்லையாம், தேடுகிறார்களாம். அந்த நம்பருக்கு ஸ்டாப் பேமெண்ட் எழுதிக் கொடுத்து, நிலுவை எதுவும் இல்லை என்ற அவர்கள் கடிதத்தின் நகலை அதோடு பின் செய்து செவ்வாய்பேட்டை கிளையில் சீல் வாங்கி வைத்திருக்கிறோம்.